கோடும் கரையும்

கட்டடம் ஒன்று மண்ணில் எழுவதற்கு முன் தாளில் எழுகிறது. கட்டடத்தைக் கிடையாக வெட்டி மேலிருந்து நோக்கினால் சுவர், வாயில், முற்றம், படிக்கட்டு ஆகியவை எவ்வாறு தோன்றுமோ, அவ்வாறே அளவு குறைத்து வரையப்படுவது தரைப்படம். நெடுங்காலம் மையும் தூரிகையும் கொண்டு கையால் வரையப்பட்ட தரைப்படங்கள், 1982ஆம் ஆண்டில் ஆட்டோகேட் மென்பொருள் வெளிவந்தபின் படிப்படியாகக் கணினித் திரைக்கு இடம்பெயர்ந்தன. துல்லியம் கூடியது, திருத்தம் எளிதாயிற்று. ஆயினும், கணினியின் நேர்கோடு தொடக்கப்புள்ளி, முடிவுப்புள்ளி ஆகிய இரண்டை மட்டுமே அறியும். அவற்றின் இடையே மேடு, பள்ளம், கரடு, நெகிழ்வு எதுவும் அதற்கு இல்லை.

இருவகை ஓரங்கள்

குற்றாலத்தைத் தரைப்படமாக வரைய முற்படுவோர் இக்குறையை உடனே உணர்வர். அங்குள்ள சித்திரசபையும் அதன் தெப்பக்குளமும் கயிறு பிடித்து அளந்து கட்டப்பட்டவை. அருகிலுள்ள தென்காசியில், 15ஆம் நூற்றாண்டில் பராக்கிரம பாண்டியர் எழுப்பிய காசி விசுவநாதர் கோயிலின் கற்சுவர்களும் அத்தகையனவே. இவை மனிதர் வகுத்த ஓரங்கள். இவற்றுக்குக் கணினிக் கோடு பொருந்தும். பேரருவி விழும் பாறை, சிற்றாற்றின் கரை, மரங்களின் நிழற்பரப்பு ஆகியவையோ இயற்கை வகுத்த ஓரங்கள். இவ்விரண்டையும் ஒரே தடிமனுள்ள ஒரே வகைக் கோட்டால் வரைந்தால், பாறையும் மதிலாகத் தோன்றும்.

இழைநயம் சேர்க்கும் முறை

இதனைக் களைய வரைகலைஞர்கள் கணினிப் படத்தின் மீது இயற்கையான ஓரங்களைச் சேர்க்கின்றனர். முதலில், அளந்து வரைந்த படத்தை மாற்றமின்றித் தனி அடுக்காக வைப்பர். பின்னர், சொரசொரப்பான தாளில் நீர்வண்ணத்தைப் பரப்பி உலரவிடுவர். விளிம்பில் நீர் விரைந்து ஆவியாவதால், உள்ளிருந்து நீரும் அதனுடன் நிறத்துகள்களும் விளிம்பை நோக்கி நகர்கின்றன. ஆகவே ஓரம் அடர்ந்து, நடுப்பகுதி வெளிறிக் காணப்படும். அத்தாளை வருடியால் கணினியில் ஏற்றி, மேலடுக்காக அமைப்பர். வேண்டாத பகுதியை மறைப்பதற்குக் கரடான முனையுள்ள கணினித் தூரிகையைப் பயன்படுத்துவர். அப்போது ஓரம் வெட்டியதுபோல் முடியாமல் மெல்லத் தேய்ந்து மறையும்.

வேறொரு முறையும் உண்டு. ஒரு கோட்டை நூற்றுக்கணக்கான புள்ளிகளாகப் பகுத்து, ஒவ்வொன்றையும் தற்செயல் எண்களின்படி மென்பொருளே சிறிது நகர்த்தும். கோடு கையால் வரைந்ததுபோல் நடுங்கும்.

எல்லை அறிதல்

இந்நடுக்கம் அளவாக இருத்தல் வேண்டும். 1:100 என்னும் அளவில் வரைந்த படத்தில் 1 மில்லிமீட்டர் என்பது நிலத்தில் 10 சென்டிமீட்டர் ஆகும். 23 சென்டிமீட்டர் தடிமனுள்ள செங்கற்சுவரின் கோடு 1 மில்லிமீட்டர் பிறழ்ந்தால், சுவரின் தடிமனில் ஏறத்தாழப் பாதி பிறழ்ந்துவிடும். எனவே, கொத்தனார் கையில் கொடுக்கும் படத்தில் சுவர்க்கோடு நேராகவே இருக்க வேண்டும். விளக்கப் படத்தில் மட்டுமே நெகிழ்வுக்கு இடமுண்டு.

இயற்கை ஓரத்துக்கும் இவ்வொழுங்கு உரியது. குற்றாலத்தில் நீரின் ஓரம் ஒன்றன்று. கோடையில் ஒன்று, சாரல் பருவத்தில் ஒன்று, வெள்ளத்தில் மற்றொன்று. 2024 மே 17 அன்று, தென்மேற்குப் பருவமழை தொடங்குவதற்கு முன்பே, பழைய குற்றால அருவியில் திடீரென வெள்ளம் பெருகி ஓர் இளம் உயிரைப் பறித்தது. குளிக்கும் துறையின் படத்தில் நீரை ஒரே கோட்டால் அடைத்தால், அக்கோட்டுக்கு அப்பால் அச்சமில்லை என்ற எண்ணம் எழும். தற்செயல் எண்களால் அலங்கரித்த கரையும் அதே பிழையைச் செய்யும். நீர் ஏறிய அடையாளங்களைக் களத்தில் அளந்து, இயல்பான நீரெல்லையை அடர்ந்த நிறத்திலும், வெள்ளம் எட்டும் பரப்பை வெளிறிய நிறத்திலும் காட்டுவதே முறை. எட்டிய உயரம் உறுதியாகத் தெரியாத இடங்களை விட்டுவிட்டு வரையும் கோட்டால் குறித்தல் வேண்டும்.

ஆகவே, ஓரத்துக்கு இழைநயம் சேர்ப்பது படத்தை அழகாக்கும் வேலை மட்டுமன்று. எது அளந்தறியப்பட்டது, எது மாறக்கூடியது என்பதைப் பார்ப்பவர்க்கு உணர்த்தும் பொறுப்பும் அதில் அடங்கியுள்ளது. கணினி கோட்டைத் தரும். அக்கோடு எத்தகைய கரையைக் குறிக்க வேண்டும் என்பதை நிலத்தில் நின்று கண்டவரே முடிவு செய்ய இயலும்.