பெரிய விமானம் எப்படித் திரும்புகிறது?

சைக்கிளில் போகிறவர் வளைவில் எப்படித் திரும்புகிறார்? உடம்பையும் சைக்கிளையும் ஒரு பக்கம் சாய்க்கிறார். விமானமும் அப்படித்தான். இடது பக்கம் திரும்ப வேண்டுமானால், இடது இறக்கை தாழும்.

எவ்வளவு சாய்க்கலாம்? கடிகாரத்தைப் பாருங்கள். 12க்கும் 1க்கும் நடுவே உள்ள சாய்வு 30 டிகிரி. பயணிகள் விமானத்தைச் சாதாரணமாக அதற்குமேல் சாய்ப்பதில்லை. அதனால் திரும்ப நிறைய இடம் வேண்டும். மணிக்கு 850 கிலோமீட்டர் வேகத்தில் பறக்கும் விமானம் 25 டிகிரி சாய்ந்து வட்டம் அடித்தால், அந்த வட்டத்தின் அகலம் சுமார் 24 கிலோமீட்டர்!

ஏன் இந்தக் கட்டுப்பாடு? விமானத்தைத் தூக்கிப் பிடிப்பது இறக்கை. சாய்ந்தால், அந்தச் சக்தியில் ஒரு பங்கு விமானத்தைத் திருப்பப் போய்விடும். உயரம் குறையாமல் இருக்க, இறக்கை இன்னும் அதிகமாகத் தூக்க வேண்டும். 60 டிகிரி சாய்ந்தால் சுமை இரண்டு மடங்கு. 50 கிலோ எடை உள்ளவர் 100 கிலோ ஆனதுபோல் உணர்வார். இரண்டரை மடங்குச் சுமையைத் தாங்கும்படிதான் இந்த விமானங்களைக் கட்டுகிறார்கள்.

இறங்குவதும் நிதானமாகத்தான். 10 கிலோமீட்டர் உயரத்தில் வரும் விமானம், இறங்கும் ஊருக்குச் சுமார் 200 கிலோமீட்டர் முன்பே இறங்கத் தொடங்கும். மும்பையில் இறங்க, ஏறக்குறைய சூரத் பக்கத்திலேயே தொடங்க வேண்டும். உள்ளே காற்று குறைந்துவிட்டால் மட்டும், சில நிமிடங்களில் 3 கிலோமீட்டர் உயரத்துக்கு இறக்குவார்கள். அப்போதும் தலைகுப்புறப் பாய்வதில்லை.

விமானம் சாய்ந்திருப்பது விமானிக்கு எப்படித் தெரியும்? பகலில் அடிவானம் தெரியும். இருட்டில் உடம்பு நம்மை ஏமாற்றிவிடும். கருவியைத்தான் நம்ப வேண்டும். அந்தக் கருவியே கெட்டால்?

1978 ஜனவரி 1 இரவு. ஏர் இந்தியாவின் போயிங் 747 விமானம் பம்பாயிலிருந்து துபாய்க்குக் கிளம்பியது. கடலுக்கு மேல் வலது பக்கம் திரும்பி நேரானது. ஆனால் தலைமை விமானியின் கருவி பழுதாகி, இன்னும் வலது சாய்வையே காட்டியது. அவர் விமானத்தை இடது பக்கம் சாய்த்துக்கொண்டே போனார். இறக்கை செங்குத்தாகி, அதையும் தாண்டிச் சாய்ந்தது. உயரமோ சுமார் 600 மீட்டர்தான். விமானம் கடலில் விழுந்தது. 213 பேரும் இறந்தார்கள்.

1985 பிப்ரவரியில், சைனா ஏர்லைன்ஸின் 747 விமானம் ஒன்று பசிபிக் கடலுக்கு மேல் புரண்டது. இரண்டரை நிமிடத்தில் சுமார் 9 கிலோமீட்டர் கீழே விழுந்தது. சுமை 5 மடங்கானது. வாலில் துண்டுகள் பிய்ந்துபோயின. ஆனால் அது 12 கிலோமீட்டர் உயரத்தில் பறந்த விமானம். மேகத்தைவிட்டு வெளியே வந்ததும் விமானிக்கு அடிவானம் தெரிந்தது. விமானத்தை நேராக்கி, சான் பிரான்சிஸ்கோவில் இறக்கினார். இரண்டு பேருக்குப் பலத்த காயம். எல்லாரும் உயிர் பிழைத்தார்கள்.