யூரின் ட்யூப்: போடுவது யார், எடுப்பது யார்?

மயக்க மருந்து மூளையை உறங்க வைக்கும். சிறுநீரகத்தை உறங்க வைக்காது. அறுவை மேசையில் ஒருவர் நினைவின்றிக் கிடக்கும்போதும் அவருடைய சிறுநீரகங்கள் இரத்தத்தை வடிகட்டிக்கொண்டேதான் இருக்கின்றன. 60 கிலோ எடையுள்ளவருக்கு மணிக்குச் சுமார் 30 முதல் 60 மில்லிலிட்டர் சிறுநீர் பைக்குள் இறங்குகிறது. ட்ரிப்ஸ் தாராளமாக ஏறினால் இன்னும் கூடலாம். பை நிரம்புகிறது; நிரம்பிவிட்டது என்று சொல்ல வேண்டியவர் தூக்கத்தில் இருக்கிறார்.

இதற்கு மருத்துவமனை கண்ட வழிதான் கதீட்டர். வார்டுப் பேச்சில் யூரின் ட்யூப். பெரிய ஆபரேஷன் என்றால் இதுவும் கூடவே வரும் என்பது எழுதப்படாத வழக்கம். மயக்கம் கொடுத்த பிறகு போடுவதால், கண் விழித்த பிறகே பலருக்கு அது இருப்பது தெரிகிறது. அமெரிக்காவில் பெரிய அறுவை சிகிச்சை செய்துகொண்ட ஏறக்குறைய 36,000 முதியோரின் பதிவுகளை அலசிய ஓர் ஆய்வு 2008இல் வெளிவந்தது. அவர்களில் 86 சதவீதம் பேருக்குக் குழாய் போடப்பட்டிருந்தது. அப்படிப் போடப்பட்டவர்களில் பாதிப் பேருக்கு அது இரண்டு நாளைத் தாண்டியும் உள்ளேயே இருந்தது. அந்தப் பாதிப் பேருக்குச் சிறுநீர்த் தொற்று வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட இரு மடங்கு.

ஆக, இதில் இருப்பது ஒரு முடிவல்ல, இரண்டு. போடலாமா என்பது ஒன்று. எப்போது எடுப்பது என்பது மற்றொன்று. முதலாவதை யாரோ ஒருவர் எடுத்துவிடுகிறார். இரண்டாவதைப் பல நேரங்களில் யாருமே எடுப்பதில்லை.

நிரம்பும் பையும் உறங்கும் காவலும்

சிறுநீர்ப்பை வெறும் தொட்டியல்ல. அது நிரம்ப நிரம்பச் சுவர்த்தசை நெகிழ்ந்து இடம் கொடுக்கிறது; அதனால் உள்ளே அளவு கூடினாலும் அழுத்தம் அவ்வளவாகக் கூடுவதில்லை. ஏறத்தாழ 150 முதல் 200 மில்லிலிட்டர் சேரும்போது முதல் உணர்வு எட்டிப் பார்க்கும். பெரியவர்களுக்கு 400 முதல் 600 வரை கொள்ளும். சுவர்த்தசை சுருங்க வேண்டும், வாயிலில் உள்ள சுருக்குத்தசை அதே கணத்தில் தளர வேண்டும். இரண்டும் ஒத்துப்போனால்தான் சிறுநீர் வெளியேறும். இந்த இணக்கத்தை நடத்தும் மையம் மூளைத்தண்டில் இருப்பதை லண்டனில் பாரிங்டன் என்ற மருத்துவர் 1920களில் பூனைகளை ஆராய்ந்து கண்டுபிடித்தார். அந்த மையத்துக்கு மேலே பெருமூளை உட்கார்ந்துகொண்டு, 'இப்போது வேண்டாம், வீட்டுக்குப் போய்ப் பார்த்துக்கொள்ளலாம்' என்று தடுத்து வைக்கிறது.

முழு மயக்கத்தில் இந்த அடுக்கு முழுவதும் அடங்கிவிடுகிறது. சுவர்த்தசை தளர்கிறது, சுருங்கச் சொல்லி ஆணை வருவதில்லை. முதுகில் போடும் மயக்க ஊசியின் கதை வேறு. நோயாளி விழித்திருப்பார், பேசுவார். ஆனால் தண்டுவடத்தின் கீழ்க்கோடியிலிருந்து பைக்குப் போகும் நரம்புகள் ஊசி போட்ட சில நிமிடங்களிலேயே வாயடைத்துப் போகின்றன. கால் விரல்கள் அசையத் தொடங்கிய பிறகும் பையின் தசைக்கு முழு வலு திரும்ப மேலும் சில மணி நேரம் பிடிக்கலாம். எழுந்து நடக்கிறார், ஆனால் சிறுநீர் வரவில்லை என்ற குழப்பத்துக்குக் காரணம் இதுதான். வலி நிவாரணத்துக்காகக் கொடுக்கும் மார்ஃபின் வகை மருந்துகளும், அதிலும் முதுகுத்தண்டுக்குள்ளேயே செலுத்தினால், இந்த முடக்கத்தை நீட்டிக்கின்றன.

குழாய் இல்லாவிட்டால் என்ன?

ஒரு மணி நேர அறுவைக்கு ஒன்றும் ஆகாது. மேலே சொன்ன கணக்கைப் போட்டுப் பாருங்கள்: தியேட்டருக்குள் போகும் முன் கழிவறைக்குப் போய்விட்டு வந்தால், அதற்குள் பை நிரம்பப் போவதில்லை. சாதாரண குடலிறக்கம், பித்தப்பை போன்ற சிறிய, நேரம் குறைந்த அறுவைகளுக்குப் பெரும்பாலும் குழாய் தேவைப்படாததற்கு இதுவே காரணம்.

நேரம் நீண்டால், அல்லது முடிந்த பிறகும் சிறுநீர் கழிக்க முடியாமல் போனால், சிக்கல் தொடங்குகிறது. பை அளவுக்கு மீறி விரிந்து மணிக்கணக்கில் அப்படியே நின்றால் சுவருக்குப் போகும் இரத்தம் குறைகிறது. தசை இழைகள் இழுபட்டுச் சுருங்கும் திறனை இழக்கின்றன. அது மீளப் பல நாளோ வாரமோ ஆகலாம். 50 வயதைக் கடந்தவர்கள், புராஸ்டேட் வீங்கிய ஆண்கள், மூலம், குடலிறக்கம், இடுப்பு அல்லது முழங்கால் மூட்டு மாற்று அறுவை செய்துகொள்பவர்கள், அறுவையின்போது ட்ரிப்ஸ் அதிகம் ஏற்றப்பட்டவர்கள் ஆகியோருக்கு இப்படிச் சிறுநீர் அடைத்துக்கொள்ளும் வாய்ப்பு கூடுதல். நரம்பு மரத்திருப்பதால் வலிகூடத் தெரியாமல் போகலாம். குழாயே வேண்டாம் என்று அடம்பிடிப்பதும் பாதுகாப்பான வழியல்ல.

பை வழியில் குறுக்கிடும் அறுவைகளும் உண்டு. கர்ப்பப்பை நீக்கத்திலும் சிசேரியனிலும் சிறுநீர்ப்பை கத்திக்கு எதிரிலேயே இருக்கிறது. காலியாக இருந்தால்தான் காயம்படாமல் ஒதுக்க முடியும். சிறுநீர்ப் பாதையிலேயே செய்யும் அறுவைகளுக்குக் காரணம் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. இரத்தப்போக்கு அதிகமாகும் பெரிய அறுவைகளில் சிறுநீரின் அளவு உடலுக்குள் பார்க்கும் ஒரு சாளரம். எடையில் கிலோவுக்கு மணிக்கு அரை மில்லிலிட்டருக்குக் கீழே இறங்கினால் மயக்கவியல் மருத்துவர் கவனிக்கத் தொடங்குவார். ஆனால் இந்தச் சாளரக் கண்ணாடி அத்தனை தெளிவானதல்ல. அறுவை தரும் அதிர்ச்சியிலேயே உடல் நீரைப் பிடித்துவைக்கும் ஹார்மோனைச் சுரக்கிறது. லேப்ராஸ்கோப்பிக்காக வயிற்றில் வாயு நிரப்பினாலும் சிறுநீர் குறைகிறது. குறைவு என்றாலே சிறுநீரகம் பழுது என்று பொருளல்ல.

அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் 2009இல் வெளியிட்ட வழிகாட்டுதலும் ஏறக்குறைய இந்தக் காரணங்களைத்தான் ஏற்கிறது: சிறுநீர்ப் பாதையிலோ அதை ஒட்டியோ செய்யும் அறுவை, நீண்ட நேர அறுவை, நிறைய திரவமோ சிறுநீர் பெருக்கும் மருந்தோ கொடுக்க வேண்டிய நிலை, அறுவையின்போதே சிறுநீரை அளக்க வேண்டிய தேவை. நேரம் நீளும் என்பதற்காகப் போட்ட குழாயை, மயக்கம் தெளிய வைக்கும் அறையிலேயே எடுத்துவிட வேண்டும் என்றும் அது சொல்கிறது. படுக்கையை நனைக்காமல் இருக்கட்டும், கவனிப்பவர்களுக்கு வசதியாக இருக்கட்டும் என்பதற்கெல்லாம் அதில் இடமில்லை.

தானாக நிற்கும் குழாய்

பழங்காலக் குழாய்கள் உள்ளே போய், வேலையை முடித்து, உடனே வெளியே வந்தன. அமெரிக்காவின் பெஞ்சமின் ஃபிராங்க்ளின் 1752இல், சிறுநீர்க் கல்லால் துன்பப்பட்ட தன் அண்ணன் ஜானுக்காக வளையும் வெள்ளிக் குழாய் ஒன்றைச் செய்வித்தார். அதை உள்ளேயே நிறுத்திவைக்க வேண்டுமானால் கட்ட வேண்டும், ஒட்ட வேண்டும், யாராவது பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும்.

அந்தத் தொல்லையைத் தீர்த்தவர் மின்னசோட்டாவின் செயின்ட் பால் நகரத்துச் சிறுநீரக மருத்துவர் ஃபிரெடரிக் ஃபோலி. புராஸ்டேட் அறுவைக்குப் பின் கசியும் இரத்தத்தை அழுத்தி நிறுத்தத்தான் அவர் குழாயின் நுனியில் ஒரு சின்ன ரப்பர் பலூனை வைத்தார். பையைச் சென்றடைந்ததும் பலூனில் நீரேற்றினால் குழாய் தானாக நின்றுகொள்ளும். 1936இல் காப்புரிமை டேவல் ரப்பர் நிறுவனத்தைச் சேர்ந்த பால் ரைச்சியின் பேருக்குப் போனது. ஃபோலிக்கு மிஞ்சியது பெயர் மட்டும். இன்றும் உலகெங்கும் அது ஃபோலி கதீட்டர்தான். பலூனில் ஏறுவது வழக்கமாக 10 மில்லிலிட்டர் கிருமி நீக்கிய நீர்.

யாரும் பிடிக்க வேண்டாம், கட்ட வேண்டாம் என்பதுதான் அதன் பெருமை. யாரும் நினைவில் வைத்திருக்கவும் வேண்டாம் என்று ஆனது அதன் குறை. அமெரிக்காவின் நான்கு மருத்துவமனைகளில் மருத்துவர்களிடம், 'உங்கள் நோயாளிக்குக் குழாய் இருக்கிறதா?' என்று கேட்டுப் பார்த்த ஆய்வு 2000இல் வெளிவந்தது. குழாய் இருப்பதே தெரியாமல் இருந்தது மூத்த மருத்துவர்களில் 38 சதவீதம். பயிற்சி மாணவர்களின் அறியாமை அதைவிடக் குறைவு.

மறந்த குழாயில் நடப்பது

சிறுநீர்ப் பாதையின் முதல் பாதுகாப்பு, சிறுநீர் பாய்ந்து வெளியேறுவதுதான். வாயிலில் ஏறும் கிருமிகளை ஒவ்வொரு முறையும் அது அடித்துக்கொண்டு போகிறது. குழாய் நுழைந்ததும் அந்தப் பாய்ச்சல் நின்றுவிடுகிறது. குழாய்க்கும் சிறுநீர்ப் பாதைச் சுவருக்கும் இடையில் கிருமிகள் மெல்ல மேலேறுகின்றன. குழாயின் துளைகள் பலூனுக்கு மேலே இருப்பதால், பலூனைச் சுற்றிக் கொஞ்சம் சிறுநீர் எப்போதும் தேங்கி நிற்கிறது. கிருமிகள் குழாயின் மேல், வாய்க்கால் கல்லில் படியும் பாசியைப் போல, ஒரு வழவழப்பான படலமாகக் குடியேறுகின்றன. அதற்குள் ஆன்டிபயாடிக் எளிதில் ஊடுருவாது. புரோட்டியஸ் என்ற கிருமி யூரியாவை உடைத்துச் சிறுநீரைக் காரமாக்கி, உப்புப் படிகங்களால் குழாயையே அடைத்துவிடும்.

இதில் வியப்பான ஒரு கண்ணியை செயின்ட் லூயிஸ் வாஷிங்டன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2014இல் எலிகளில் காட்டினார்கள். குழாய் உரசிப் பைச்சுவர் காயப்பட, காயத்தை ஆற்ற உடல் ஃபைப்ரினோஜென் என்ற புரதத்தை அனுப்புகிறது. அது குழாயின் மேல் பூச்சாகப் படிகிறது. என்டரோகாக்கஸ் கிருமி அந்தப் பூச்சைப் பிடித்துக்கொண்டு, அதையே உணவாக்கி வளர்கிறது. காயம் ஆற உடல் எடுக்கும் முயற்சியே கிருமிக்குத் திண்ணை போட்டுக் கொடுக்கிறது.

குழாய் இருக்கும் ஒவ்வொரு நாளும் சிறுநீரில் கிருமி சேரும் வாய்ப்பு 3 முதல் 7 சதவீதம். ஒரு மாதம் நீடித்தால் ஏறக்குறைய எல்லோருக்கும் சேர்ந்துவிடும். கிருமி சேர்ந்தவர்கள் அனைவரும் காய்ச்சலில் விழுவதில்லை. சிலருக்கு அது இரத்தம் வரை போகிறது. ஒரு காலத்தில் நிலைமை இன்னும் மோசம். குழாயின் மறுமுனை திறந்த புட்டியில் கிடந்தபோது நான்கு நாளுக்குள் ஏறக்குறைய எல்லோருக்கும் கிருமி ஏறிவிடும். முழுவதும் மூடிய பையும் குழாயுமாக இருந்தால் இது வெகுவாகக் குறையும் என்று 1966இல் கூனின், மெக்கார்மக் ஆகிய இருவரும் காட்டினார்கள். கட்டிலோரம் தொங்கும் யூரின் பேக்கைத் தேவையின்றிக் கழற்றக் கூடாது, சிறுநீர்ப்பையின் மட்டத்துக்கு மேலே தூக்கக் கூடாது என்று சிஸ்டர்கள் எச்சரிப்பதன் பின்னணி இதுதான்.

தொற்று மட்டுமல்ல தொல்லை. மயக்கம் தெளியும்போது, பை காலியாக இருந்தாலும், 'உடனே போக வேண்டும்' என்ற தாங்க முடியாத முடுக்கம் பலருக்கு, குறிப்பாக ஆண்களுக்கு, எழுகிறது. பலூன் பையின் அடித்தளத்தை உரசுவதன் விளைவு அது. தாங்காமல் இழுத்துவிட்டால் விரிந்த பலூனும் கூடவே வந்து பாதையைக் கிழிக்கும். எனவே பொறுக்க முடியாவிட்டால் சிஸ்டரைக் கூப்பிட வேண்டுமே தவிர, தானே கைவைக்கக் கூடாது.

இரண்டுக்கும் நடுவே

நிரந்தரமாக வைப்பதற்கும் வைக்காமலே விடுவதற்கும் நடுவே ஒரு பாதை உண்டு: தேவைப்படும்போது மெல்லிய குழாயை விட்டு, வடித்து, உடனே எடுத்துவிடுவது. 1972இல் மிச்சிகனின் ஆன் ஆர்பரில் ஜாக் லாபிடஸ் இதை நீண்டகால நோயாளிகளுக்கே வழக்கமாக்கினார். பையை நிரம்பித் தேங்கவிடுவதுதான் தொற்றுக்குப் பெரிய காரணம், அவ்வப்போது வடித்துவிட்டால் சுத்தமான கையே போதும் என்பது அவர் வாதம். இப்போது வயிற்றின் மேல் வைத்துப் பார்க்கும் சிறிய ஸ்கேன் கருவி பைக்குள் எவ்வளவு இருக்கிறது என்று சொல்லிவிடுகிறது. அளவு கூடினால் ஒருமுறை வடித்தால் போதும்.

சீக்கிரம் எடுப்பதற்கும் விலையுண்டு. சிலருக்குச் சிறுநீர் வராமல் மறுபடி போட நேரும். ஆனாலும் வழிகாட்டுதல்கள் அந்தத் திசையில்தான் நகர்கின்றன. அறுவைக்குப் பின் விரைந்து தேறும் முறைகளை வகுக்கும் ஈராஸ் சங்கம், சிசேரியனுக்குப் போட்ட குழாயை அறுவை முடிந்ததும் எடுத்துவிடலாம் என்று 2019இல் பரிந்துரைத்தது. எடுத்த பிறகு தாய் சிறுநீர் கழிக்கிறாரா என்று கவனிப்பது அதன் மறுபாதி.

எனவே அறுவைக்கு முந்தைய நாள் மருத்துவர் வரும்போது கேட்க வேண்டியவை சில. எனக்குக் குழாய் தேவையா, என்ன காரணத்துக்காக? மயக்கத்துக்குப் பிறகுதானே போடுவீர்கள்? எந்த நேரத்தில் எடுப்பீர்கள், யார் எடுப்பார்கள்? எடுத்த பிறகு சிறுநீர் வராவிட்டால் எவ்வளவு நேரத்தில் பார்ப்பீர்கள்? புராஸ்டேட் தொல்லையோ, முன்பு ஒருமுறை அடைத்துக்கொண்ட அனுபவமோ இருந்தால் அப்போதே சொல்லிவிட வேண்டும். வேண்டாம் என்று சொல்லும் உரிமையும் நோயாளிக்கு உண்டு. காரணத்தைக் கேட்ட பிறகு சொன்னால் அது நல்ல முடிவாக இருக்கும்.

மருத்துவமனைகள் செய்ய வேண்டியதும் சிக்கலானதல்ல. தினமும் 'இது இன்னும் தேவையா?' என்று கேஸ் ஷீட் நினைவூட்டுவது, காரணம் தீர்ந்தால் மருத்துவருக்காகக் காத்திராமல் செவிலியரே எடுக்க அனுமதிப்பது போன்ற ஏற்பாடுகளைச் சோதித்த ஆய்வுகளை 2010இல் தொகுத்துப் பார்த்தார்கள். தொற்று விகிதம் 52 சதவீதம் குறைந்திருந்தது. புதிய மருந்தோ புதிய கருவியோ இல்லை. காலையில் கேட்ட ஒரு கேள்விதான். நம் ஊர் வார்டுகளில் யூரின் பேக் எவ்வளவு நிரம்பியிருக்கிறது என்று முதலில் பார்ப்பவர் பெரும்பாலும் நோயாளிக்குத் துணையிருக்கும் மகளோ மனைவியோதான். ரவுண்ட்ஸ் வரும்போது அந்தக் கேள்வியை அவரும் கேட்கலாம்.