கேஸ் ரெகுலேட்டரை மாற்றி கடலில் குதித்தவர்கள்! வீட்டிலேயே செய்த ஸ்கூபா கருவிகளை இன்று காப்பாற்றுவது எப்படி?

சமையல் கேஸ் சிலிண்டர் மேல் ஒரு ரெகுலேட்டர் மாட்டியிருக்கும், இல்லையா? 1950களில் பிரிட்டனில் சிலர் அதே மாதிரியான ‘காலர் கேஸ்’ ரெகுலேட்டரைக் கழற்றி, சில மாற்றங்கள் செய்து, அதன் வழியாகவே மூச்சு விட்டுக்கொண்டு கடலுக்குள் இறங்கினார்கள். சிலிண்டர்? விமானப்படை கழித்துப்போட்ட பழைய ஆக்ஸிஜன் சிலிண்டர். அதில் சாதாரணக் காற்றை நிரப்பிக்கொண்டார்கள்.

கேட்க விபரீதமாக இருந்தாலும், இதன் பின்னால் சரியான அறிவியல் இருந்தது.

ஏன் வீட்டிலேயே செய்தார்கள்?

1943இல் பிரெஞ்சு கடற்படை அதிகாரி ஜாக் கூஸ்தோவும், பொறியாளர் எமில் கன்யானும் ‘அக்வா-லங்’ கருவியை உருவாக்கினார்கள். போர்க்காலப் பெட்ரோல் தட்டுப்பாட்டில் கார்களை எரிவாயுவில் ஓட்ட கன்யான் செய்திருந்த வால்வுதான் அதற்கு அடிப்படை. அதாவது, ஸ்கூபாவும் கேஸ் ரெகுலேட்டரும் முதலிலிருந்தே சொந்தக்காரர்கள்.

போருக்குப் பிறகு ஆசை எல்லோருக்கும் வந்தது. கருவி எல்லோருக்கும் கிடைக்கவில்லை. ஆனால் ராணுவ உபரிப் பொருட்கள் மலிவாகக் கிடைத்தன. 1955இல் பிரிட்டனின் ‘பிராக்டிகல் மெக்கானிக்ஸ்’ இதழ், அக்வாலங் செய்வது எப்படி என்றே கட்டுரை வெளியிட்டது.

இது எப்படி வேலை செய்கிறது?

சிம்பிள்தான். ஒரு வட்ட டப்பா. நடுவில் மெல்லிய ரப்பர் சவ்வு. ஒரு பக்கம் கடல் நீர், மறுபக்கம் காற்று. மூச்சை இழுத்தால் சவ்வு உள்ளே வளைந்து ஒரு நெம்புகோலை அழுத்தும். வால்வு திறந்து காற்று வரும். நிறுத்தினால் மூடிக்கொள்ளும். நீரின் அழுத்தமே சவ்வைத் தள்ளுவதால், எந்த ஆழத்திலும் அந்த ஆழத்துக்கு ஏற்ற அழுத்தத்தில் காற்று கிடைக்கும்.

பழைய படங்களில் டைவர்களின் கழுத்தைச் சுற்றி இரண்டு தடித்த குழாய்கள் தெரியும். ஒன்று காற்றைக் கொண்டுவர. இன்னொன்று, விட்ட மூச்சை மறுபடி முதுகுப் பக்கம் கொண்டுபோக. அது எதற்கு?

பாரிஸ் அருகே மார்ன் ஆற்றில் நடந்த முதல் சோதனையில் ஒரு சிக்கல். நிமிர்ந்து நின்றால் காற்று தானாக வீணாகக் கொட்டியது. தலைகீழானால் மூச்சே கிடைக்கவில்லை. சவ்வு ஓர் உயரத்தில், மூச்சு வெளியேறும் வாய் வேறோர் உயரத்தில் இருந்ததுதான் காரணம். இரண்டையும் பக்கத்தில் வைத்ததும் பிரச்சினை தீர்ந்தது.

ஆபத்து எங்கே?

ரெகுலேட்டர் கண்ணுக்குத் தெரிகிற ஆபத்து. சிலிண்டர் தெரியாத ஆபத்து. இன்றைய ஸ்கூபா சிலிண்டர்களில் சாதாரணமாக 200 பார் அழுத்தம் இருக்கும். கார் டயரில் இருப்பதைப்போல் ஏறக்குறைய நூறு மடங்கு! உள்ளே துருப்பிடித்த பழைய இரும்பு சிலிண்டர், வெளியே பளபளவென்று இருந்தாலும் வெடிக்கலாம். இந்தியா உட்படப் பல நாடுகளில் இவற்றுக்குக் குறிப்பிட்ட இடைவெளியில் நீரழுத்தச் சோதனை கட்டாயமாக இருப்பது இதனால்தான்.

அடுத்தது, காற்று. நிரப்பும் கம்ப்ரசருக்குள் என்ஜின் புகை போனால், கார்பன் மோனாக்சைடையும் சேர்த்தே சுவாசிக்க நேரும். மூன்றாவது, பயிற்சி. 10 மீட்டர் ஆழத்தில் அழுத்தம் தரையில் இருப்பதைப்போல் இரண்டு மடங்கு. அங்கே இழுத்த மூச்சை அடக்கிக்கொண்டு மேலே வந்தால் நுரையீரல் கிழிந்துவிடலாம்.

சரி, எப்படிக் காப்பாற்றுவது?

பித்தளை பல பத்தாண்டுகள் தாங்கும். ரப்பர் தாங்காது. வெயில், ஓசோன், எண்ணெய் மூன்றும் சேர்ந்து அதை வெடிக்கவைக்கும், அல்லது பிசுபிசுப்பாக்கும். அதனால் பழைய கருவி வைத்திருப்பவர் முதலில் ஒரு முடிவுக்கு வர வேண்டும். இது காட்சிக்கா, கடலுக்கா?

காட்சிக்கு என்றால், தொடாமல் இருப்பதே நல்லது. பாலிஷ் போட்டால் செய்தவரின் அரத் தடமும் பற்றவைப்புத் தடமும் அழிந்துவிடும். கடலுக்கு என்றால், சவ்வு, குழாய், வால்வு எல்லாம் புதிதாக மாற வேண்டும். இப்போது ஆர்வலர்கள் சிலிகான் பாகங்களைப் பயன்படுத்துகிறார்கள். சிலிண்டர் கட்டாயம் புதியது, சோதித்தது. அழுத்தமானியும் அவசியம். கழற்றிய பழைய பாகங்களைத் தூக்கிப் போடாமல் தனியாகப் பத்திரப்படுத்துவார்கள்.

கம்பெனிக் கருவிக்கு மாடல் எண், கையேடு எல்லாம் இருக்கும். வீட்டில் செய்ததற்கு எதுவுமே இல்லை. எந்தப் பாகம் எங்கிருந்து வந்தது என்பது செய்தவருக்கு மட்டுமே தெரியும். அவர் போய்விட்டால், வாரிசுகளுக்கு அது பழைய பித்தளை. நேராகக் காயலான் கடைக்குத்தான். அதனால் கருவியோடு வரைபடம், பழைய போட்டோக்கள், செய்தவர் சொன்ன விவரங்கள் எல்லாவற்றையும் சேர்த்து வைப்பதுதான் முழுமையான பாதுகாப்பு.

ஆசை வந்துவிட்டதா?

பழைய வீடியோவைப் பார்த்து கேஸ் ரெகுலேட்டரில் கை வைக்க வேண்டாம். வடிவம் மாறிவிட்டதால் இன்றைய காலர் ரெகுலேட்டரில் அந்த மாற்றம் சாத்தியமும் இல்லை. முதலில் முறையான ஸ்கூபா பயிற்சி. பிறகு, அனுபவம் உள்ளவர் சோதித்துக் கொடுத்த இரட்டைக் குழாய் கருவி, அதுவும் நீச்சல் குளத்தில். குமிழிகள் முகத்துக்கு முன்னால் இல்லாமல் முதுகுக்குப் பின்னால் எழும் அந்த அமைதிக்காகத்தான் இதன் ரசிகர்கள் இன்னும் அதைக் கைவிடாமல் இருக்கிறார்கள்.