காக்கை வலிப்பு

மண்டகப்பட்டு போன்ற சிற்றூராயினும் சென்னை போன்ற பெருநகராயினும், தெருவில் ஒருவன் வலிப்புற்று வீழ்ந்தால் கூடியோர் முதற்கண் தேடுவது இரும்புச் சாவியே. அதனைக் கையில் திணித்ததும் வலிப்பு நின்றது என்பர். பெரும்பாலான வலிப்புகள் இரண்டொரு நிமிடத்தில் தாமே அடங்குவன. சாவி வந்து சேர்வதற்கும் அவ்வளவு நேரமாகும். புகழ் மட்டும் இரும்பிற்கு.

மூளையின் நரம்பணுக்கள் பல ஒருங்கே கட்டுமீறி மின்விசையை வெளிவிடுதலே வலிப்பு. அது மூளை முழுவதும் பரவின் உடல் விறைத்து உதறும்; ஒரு பகுதியளவில் நிற்பின் கையோ முகமோ மட்டும் துடிக்கும். சிறுவர் சிலர் வீழ்வதேயில்லை. சில நொடி வெறித்து நோக்கி மீள்வர். பாடத்தில் கருத்தில்லை என்று அடிபடுவோரும் இவருள் உளர்.

வீழ்ந்தவனை ஒருக்களித்துக் கிடத்தி, தலையின்கீழ் மென்துணி வைத்தல் வேண்டும். வாயில் எதனையும் இடலாகாது. வலிப்பு 5 நிமிடம் கடப்பின் மருத்துவமனைக்கு விரைதல் வேண்டும்.

நம் நாட்டில் வலிப்பிற்கு ஒரு காரணம் நாடாப்புழு. மூளைப் படத்தில் தோன்றும் சிறு புள்ளியைக் காசநோய்க் கட்டியெனக் கொண்டு முன்னர் நெடுநாள் மருந்தளித்தனர். அது பெரும்பாலும் பன்றி நாடாப்புழுவின் இளம்புழு தங்கிய பையே என்பதனை வேலூர்க் கிறித்தவ மருத்துவக் கல்லூரியினர் 1990ஆம் ஆண்டையொட்டி ஆராய்ந்து காட்டினர். மனிதக் கழிவு கலந்த நீராலும் கழுவாத காய்கறியாலும் புழுவின் முட்டை உடலுட் புகுமாதலின், ஊனுண்ணாதாரும் இதற்குத் தப்பார்.

இந்துத் திருமணச் சட்டத்தில் இந்நோயாளர்க்கு இருந்த தடை 1999இல் நீக்கப்பட்டது. ஆயினும், மணமகள் நோயை மறைக்கவேண்டி, புகுந்த வீட்டில் மாத்திரையை நிறுத்திவிடும் கொடுமை இன்றும் உண்டு. நிறுத்திய சில நாளிலேயே வலிப்பு மீளவும் வரக்கூடும்.