அம்மன் தந்த தெம்பு

பேரிழப்பு வந்தால், இறைவன் கைவிட்டுவிட்டான் என்று இடிந்துபோகிறோம். அப்போது நம் தோட்டத்துத் தாய்மார்களை நினைத்துப் பாருங்கள்.

1942, 1943ஆம் ஆண்டுகளில் சயாம் மரண ரயில் பாதை போட ஜப்பானியர் நம் தோட்டங்களிலிருந்து பல்லாயிரம் தமிழர்களைக் கொண்டுபோனார்கள். பாதையின் நீளம் 415 கிலோமீட்டர். வாந்திபேதியாலும் மலேரியாவாலும் பசியாலும் மடிந்தவர்கள் எத்தனையோ ஆயிரம் பேர். பலருக்குச் சமாதிகூட இல்லை.

லயத்தில் தனித்துப்போன பெண்கள் மாரியம்மன் சந்நிதியில் கதறினார்கள். கண்ணைத் துடைத்துக்கொண்டு, பிள்ளைகளின் பசிக்கு மரவள்ளி நட்டார்கள். 1945இல் போர் ஓய்ந்ததும் பால்மரம் வெட்டி, பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பினார்கள்.

போன கணவன் திரும்பவில்லை. ஆனாலும் மறுநாள் விடியலில் எழுந்து நிற்கும் தெம்பை அம்மன் தந்தாள். அந்தத் தெம்பே இறையருள்.

துயரத்தில் இருப்பவரே, இன்று விளக்கேற்றிக் கும்பிடுங்கள். நாளை ஒரு வேலையைத் தொடங்குங்கள்.