கடனுக்கு ஒரு சிறுநீரகம்

இலங்கை மலையகத்தின் டயகம போன்ற தேயிலைத் தோட்டங்களில் கடன் இல்லாத லய வீடு அரிது. அடகில் கிடக்கும் தோடு, கடைக் கணக்கு, நுண்கடன் தவணை. உறுப்புத் தரகர்கள் எந்த நாட்டிலும் தேடிப் போவது இப்படிப்பட்ட வீடுகளைத்தான். ஆகவே சிறுநீரக தானம் பற்றிய பேச்சை மலையகத்தில் கடனிலிருந்துதான் தொடங்க வேண்டும்.

ஆரோக்கியமான ஒருவர் ஒற்றைச் சிறுநீரகத்தோடு வாழலாம். எஞ்சியது சற்றுப் பெருத்துக் கூடுதல் வேலையை ஏற்றுக்கொள்ளும். ஆனால் கொடுக்குமுன் முழுப் பரிசோதனையும், கொடுத்தபின் ஆயுள் முழுக்கக் கண்காணிப்பும் அவசியம். தங்கைக்குக் கொடுக்கும் அண்ணனை வைத்தியர் திரும்ப அழைத்துப் பார்ப்பார். தரகர் கூட்டிப் போனவரை, காயம் ஆறியபின் யார் தேடுவார்கள்?

சென்னையில் சிறுநீரகம் விற்ற 305 பேரை விசாரித்த ஆய்வொன்று 2002இல் வெளியானது. அவர்களில் 96 சதவீதத்தினர் கடன் அடைக்கவே விற்றிருந்தார்கள். சராசரியாக ஆறு ஆண்டுகள் கழிந்திருந்தும், அப்படி விற்றவர்களில் முக்கால்வாசிப் பேர் இன்னும் கடனில்தான் இருந்தார்கள். குடும்ப வருமானம் மூன்றில் ஒரு பங்கு சரிந்திருந்தது. உடல்நலம் கெட்டுவிட்டதாக 86 சதவீதத்தினர் சொன்னார்கள். உடம்பையே மூலதனமாக வைத்து உழைப்பவர் அதில் ஒரு பகுதியை விற்றால் நடப்பது இதுதான். "விரும்பித்தானே விற்றார்" என்ற வாதத்தை நான் ஏற்கவே மாட்டேன்.

இலங்கையும் இதற்கு விலக்கல்ல. சிறுநீரக வியாபாரம் குறித்த இந்தியப் பொலிஸாரின் குற்றச்சாட்டை அடுத்து, 2016 ஜனவரியில் வெளிநாட்டவருக்கான சிறுநீரக மாற்றுச் சிகிச்சை இங்கு நிறுத்தப்பட்டது. 2022 இறுதியில் கொழும்பின் ஏழைகளிடம் பணம் தருவதாகச் சொல்லிச் சிறுநீரகம் எடுத்ததாக மீண்டும் விசாரணை.

இத்தனைக்கும், வைத்தியர் ஹட்சன் சில்வா 1961இல் கண்தானச் சங்கத்தை நிறுவிய நாடு இது. 1964 முதல் இங்கிருந்து வெளிநாடுகளுக்குக் கண்கள் போகின்றன, விலையில்லாமல். கருவிழிக்கு இரத்தக் குழாய் கிடையாது. இதயம் நின்று சில மணி நேரம் கழித்தும் எடுக்கலாம். சிறுநீரகம் அவ்வளவு நேரம் தாங்காது. அதனால்தான் மூளைச்சாவு அடைந்தவரின் கொடை முக்கியமாகிறது: செயற்கைச் சுவாசத்தில் இதயம் துடித்துக்கொண்டிருக்கும், மூளையோ மீளாது. ஒருவரின் இரு சிறுநீரகங்கள் இரண்டு பேரை டயாலிசிஸிலிருந்து விடுவிக்கும். உயிருள்ள ஏழையைத் தேடும் தேவையும் அந்த அளவுக்குக் குறையும்.

ஆனால் மார்பு ஏறி இறங்குவதைப் பார்க்கும் தாயிடம் "மகன் இறந்துவிட்டான்" என்று சொல்வது எளிதா? தோட்டத்துக் குடும்பத்துக்கு அதைத் தமிழில், பொறுமையாக, இரண்டாம் முறையும் விளக்க ஒருவர் தீவிர சிகிச்சைப் பிரிவில் இருக்க வேண்டும். மரணத்தை உறுதி செய்யும் வைத்தியர்களும் உறுப்பை எடுக்கும் வைத்தியர்களும் வேறு வேறு ஆட்கள் என்பதையும் அவர் சொல்ல வேண்டும். எல்லாம் கேட்டபின் அந்தத் தாய் வேண்டாம் என்றால், அத்தோடு விட்டுவிட வேண்டும்.