பஞ்சாபை எடை போட்ட ஜோடி

ஈர்ப்பின் கதை – 9

சென்ற வாரம் பார்த்த, ஈர்ப்பை அளக்கும் ஊசல்களையும் சுருள்வில் தராசுகளையும் அப்படியே ஒரு செயற்கைக்கோளில் ஏற்றி அனுப்பினால் என்ன ஆகும்? ஒன்றும் ஆகாது. ஊசல் ஆடாது, வில் நீளாது. கோளும் அதற்குள் இருக்கும் கருவியும் ஒரே வேகத்தில் பூமியை நோக்கி விழுந்துகொண்டே இருக்கின்றன. உள்ளே உட்கார்ந்து பார்த்தால் ஈர்ப்பு என்று ஒன்று இருப்பதற்கான சுவடே கிடைக்காது. ஆகவே கோள் எப்படி விழுகிறது என்பதைத்தான் அளந்தாக வேண்டும்.

இந்த யோசனைக்கு நல்ல ஒத்திகை நிலாவில் நடந்தது. அப்போலோவுக்கு முன்பு நாசா அனுப்பிய லூனார் ஆர்பிட்டர் விண்கலங்களின் ரேடியோ அலையை 1968-இல் பால் முல்லரும் வில்லியம் ஸ்யோக்ரனும் துருவிப் பார்த்தார்கள். நிலாவின் வட்டமான கருஞ்சமவெளிகள் சிலவற்றை நெருங்கும்போதெல்லாம் கலத்தின் வேகம் கொஞ்சம் கூடியது. தரைக்கடியில் அடர்த்தியான பாறை புதைந்திருந்து கலத்தை இழுத்திருக்கிறது. இறங்காமல், தோண்டாமல், கலம் தடுமாறுவதை மட்டும் வைத்தே கண்டுபிடித்துவிட்டார்கள்.

பூமிக்கு இதே வேலையைச் செய்ய 2002 மார்ச் 17 அன்று ரஷ்யாவின் ப்ளெசெட்ஸ்க் தளத்திலிருந்து ஒரு ஜோடி கிளம்பியது. பெயர் கிரேஸ். அமெரிக்காவின் நாசாவும் ஜெர்மனியின் விண்வெளி நிறுவனமும் கூட்டாக அனுப்பியது. அச்சில் வார்த்ததுபோல ஒரே மாதிரியான இரண்டு கோள்கள், ஏறத்தாழ 500 கிலோமீட்டர் உயரத்தில், துருவத்துக்குத் துருவம், ஒன்றன்பின் ஒன்றாக, 220 கிலோமீட்டர் இடைவெளியில் பறந்தன. விஞ்ஞானிகளே டாம், ஜெர்ரி என்று செல்லப்பெயர் வைத்துவிட்டார்கள். துரத்தல் ஓயாது, பிடிபடுவதும் கிடையாது என்பதால் பொருத்தமான பெயர்தான்.

அந்த இடைவெளியில்தான் எல்லாமே இருக்கிறது. வழியில் ஒரு மலைத்தொடர் வருகிறது என்று வைத்துக்கொள்வோம். முன்னால் போகும் கோளை மலை முதலில் இழுக்கும். அது சற்று முந்திப் போகும், இடைவெளி கூடும். அரை நிமிடத்துக்குள் பின்னால் வருவதும் அதே இழுப்புக்குள் நுழைந்துவிடும். அதற்குள் முன்னதை மலை பின்னோக்கி இழுக்கத் தொடங்கியிருக்கும். இடைவெளி குறையும். இப்படிக் கூடிக் குறையும் தூரத்தை இரண்டும் ஒன்றுக்கொன்று அனுப்பிக்கொள்ளும் நுண்ணலைகள் சொல்லிவிடும். எவ்வளவு துல்லியமாக? சுமார் ஒரு மைக்ரான், அதாவது ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. திருச்சியிலிருந்து மதுரையையும் தாண்டிப் போகிற தூரத்துக்கு இந்தக் கணக்கு. முதன்முதலில் இதைப் படித்தபோது அச்சுப்பிழை என்றுதான் நினைத்தேன்.

ஆனால் கோளை இழுப்பதும் தள்ளுவதும் ஈர்ப்பு மட்டுமில்லையே. அந்த உயரத்திலும் காற்று துளி இருக்கிறது, உரசும். சூரிய ஒளி தள்ளும். அதையெல்லாம் தனியே பிரிக்க ஒவ்வொரு கோளின் நிறைமையத்திலும் ஒரு முடுக்கமானி வைத்தார்கள். எரிபொருள் தீரத்தீர நிறைமையம் இடம் மாறுமே? சிறிய எடைகளை முன்னும் பின்னும் நகர்த்தி, ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்குக்குள் அதைப் பிடித்து வைத்திருந்தார்கள். பின்னால் வரும் கோளின் நுண்ணலை வாய் பயணத் திசையைப் பார்த்தபடி இருப்பதால், எதிரே வரும் ஆக்சிஜன் அணுக்கள் அதை அரித்துக்கொண்டிருந்தன. 2005 டிசம்பரில் முன்னதைப் பின்னும் பின்னதை முன்னும் மாற்றிவிட்டார்கள். சிரமத்தைச் சரிபாதியாகப் பங்கு போட்டாயிற்று.

இந்த அளவுகளிலிருந்து மாதத்துக்கு ஒரு ஈர்ப்பு வரைபடம். மலைகள் மாதாமாதம் மாறுவதில்லை. ஒரு மாதப் படத்திலிருந்து இன்னொன்றைக் கழித்தால் மலை காணாமல் போய்விடும். நகர்ந்தது மட்டும் மிஞ்சும். பூமியின் மேல் அவ்வளவு வேகமாக இடம் மாறும் கனமான பொருள் எது? பெரும்பாலும் தண்ணீர்தான். அமேசான் படுகை மழைக்காலத்தில் கனத்து, கோடையில் இளைப்பது படத்தில் தெரிந்தது. கிரீன்லாந்தின் பனி ஆண்டுதோறும் குறைவதும் தெரிந்தது.

2009-இல் மாத்யூ ரோடெல், இசபெல்லா வெலிகோக்னா, ஜேம்ஸ் ஃபாமிலியெட்டி மூவரும் நேச்சர் இதழில் எழுதிய கட்டுரை நம்மைப் பற்றியது. ராஜஸ்தான், பஞ்சாப், ஹரியானா பகுதி, டெல்லியும் சேர்த்து, 2002 ஆகஸ்ட் முதல் 2008 அக்டோபர் வரை இழந்த நிலத்தடி நீர் 109 கன கிலோமீட்டர். நமக்குப் பழக்கமான கணக்கில் ஏறத்தாழ 3,850 டி.எம்.சி. மேட்டூர் அணையின் முழுக் கொள்ளளவு 93.47 டி.எம்.சி.; அதை நாற்பது தடவைக்கு மேல் நிரப்பலாம். அந்த ஆண்டுகளில் மழையும் பொய்க்கவில்லை, வழக்கத்தை ஒட்டியே பெய்தது. நெல்லுக்கும் கோதுமைக்கும் பம்புசெட்டுகள் உறிஞ்சியதைத் தவிர வேறு கணக்கு ஒத்துவரவில்லை.

பஞ்சாப் விவசாயிக்கு இது செய்தியே அல்ல. பம்பைக் குழிக்குள் இறக்கி, குழியை ஆழப்படுத்தி, கடைசியில் நீர்மூழ்கி மோட்டாருக்கு மாறியவர் அவர். ஜூன் 10-க்கு முன்பு நெல் நடவு செய்யக்கூடாது என்று அந்த மாநிலம் சட்டம் போட்டதும் அதே 2009-இல்தான். கிரேஸ் தந்தது மொத்தக் கூட்டுத்தொகை. மாநில எல்லையோ, கிணற்றுக்காரரின் அனுமதியோ அதற்குத் தேவைப்படவில்லை.

ஆனால் கிரேஸின் பார்வை மங்கல். முன்னூறு நானூறு கிலோமீட்டருக்குக் குறைவான எதையும் அதனால் பிரித்துப் பார்க்க முடியாது. உங்கள் ஊர் போர்வெல் வற்றுமா என்று அதைக் கேட்டுப் பயனில்லை. எடை குறைந்தது என்று சொல்லும். எது குறைந்தது என்று சொல்லாது. மண்ணின் ஈரத்தை ஒரு கணினி மாதிரியை வைத்துக் கழித்த பிறகே நிலத்தடி நீர் என்ற எண் கிடைக்கிறது. இரண்டு கோள்களும் ஒரே வரிசையில் வடக்கு தெற்காகப் பறப்பதால், சுத்தம் செய்யாத படங்களில் மேலிருந்து கீழாகக் கோடுகோடாகப் பிழை விழும். அவற்றை அழிப்பதற்கே தனி வழிமுறைகள் வந்தன. 109 என்ற எண்ணின் பின்னால் இத்தனை கழித்தல்கள் இருக்கின்றன. பத்திரிகைகள் எண்ணை மட்டும் எடுத்துப் போடுவது எனக்கு உறுத்தும். பின்னால் வந்த ஆய்வுகளில் அளவு கூடிக் குறைந்தாலும், தண்ணீர் இறங்குகிறது என்பது மாறவில்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

ஐந்து ஆண்டுகளுக்காக அனுப்பிய ஜோடி பதினைந்து ஆண்டுகள் உழைத்தது. மின்கலம் நலிந்துபோனதால் கடைசி ஆண்டுகளில் கருவிகளை அவ்வப்போது அணைத்து வைத்து ஓட்டினார்கள். 2017-இல் முடிந்தது. அடுத்த ஜோடி 2018 மே 22 அன்று கலிஃபோர்னியாவிலிருந்து போனது. நுண்ணலையோடு, சோதனையாக லேசரும் உண்டு. போன கொஞ்ச நாளிலேயே ஒன்றின் முடுக்கமானி இரைச்சல் போடத் தொடங்கியது. முன்னும் பின்னுமாக ஏறத்தாழ ஒரே காற்றைத்தானே இரண்டும் கடக்கின்றன? நன்றாக இருக்கும் கோளின் அளவை, அந்த அரை நிமிட வித்தியாசத்தைச் சரிசெய்து, மற்றதற்குப் பயன்படுத்திக்கொள்கிறார்கள்.

கிரேஸுக்கு மாற்றங்களைப் பிடிப்பதே முதல் வேலை. ஈர்ப்பில் மாறாமல் கிடக்கும் மேடு பள்ளங்களை நுணுக்கமாக வரைய ஐரோப்பியர்கள் 2009-இல் வேறொரு கோளை அனுப்பினார்கள். 255 கிலோமீட்டர் உயரத்தில், காற்றோடு மல்லுக்கட்ட ஓயாமல் எந்திரத்தை ஓட்டியபடி பறந்த கோசே அது. அப்படிப்பட்ட பள்ளம் ஒன்று நம் பக்கத்திலேயே உண்டு. இலங்கைக்குத் தெற்கே இந்தியப் பெருங்கடலின் மட்டம், பூமி ஒழுங்கான வடிவில் இருந்தால் இருக்கவேண்டியதைவிட நூறு மீட்டருக்கும் மேல் தாழ்ந்து கிடக்கிறது. உலகிலேயே பெரிய ஈர்ப்புப் பள்ளம் அதுதான். அங்கே பூமிக்கடியில் என்ன குறைகிறது என்பதற்கு பெங்களூரு விஞ்ஞானிகள் இருவர் 2023-இல் சொன்ன விடையையும் கோசேயையும் அடுத்த வாரம் பார்க்கலாம்.

(தொடரும்)